நெல்சன் மண்டேலாவும் ஃபோர்ட் ஹேர் கல்லூரியும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில், டியூமி ஆற்றங்கரையில் ஆலிஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், ஆங்கிலேயர்க்கும் கோசா மக்களுக்கும் இடையே எல்லைப் போர்கள் மூண்ட காலத்தில், அங்கே ஒரு கோட்டை எழுந்தது. ஹேர் என்னும் படைத்தலைவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பின்னர் அக்கோட்டை நின்ற நிலத்திலேயே 1916-ஆம் ஆண்டு ஒரு கல்லூரி தொடங்கப்பெற்றது. ‘தென்னாப்பிரிக்கச் சுதேசியர் கல்லூரி’ என்பது அதன் முறையான பெயர். மக்கள் நாவில் நிலைத்ததோ கோட்டையின் பெயர்தான். போரில் நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நிலத்தை வென்றவர்களின் கோட்டைக்கே பாடம் கேட்க வந்தனர். இம்முரண் அக்கல்லூரியின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவதாகும்.

இசுக்காட்லாந்திலிருந்து வந்த அலெக்சாண்டர் கெர் என்பவர் அதன் முதல் முதல்வர். 1948 வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், அவர் அப்பொறுப்பில் இருந்தார். அவரோடு தொடக்கத்திலேயே பணியேற்றவர் டி. டி. டி. ஜபாவு. கோசா மொழியில் இதழ் நடத்திய ஜான் டெங்கோ ஜபாவுவின் மகனாகிய இவர், ஆப்பிரிக்க மொழிகளையும் இலத்தீனையும் ஒரே வகுப்பறையில் கற்பித்தவர். ஆட்சியாளரின் மொழியே கல்வியின் மொழி என்றிருந்த நாட்டில், கருப்பின மக்களின் தாய்மொழி உயர்கல்விப் பாடமாகப் பேராசிரியர் ஒருவரால் கற்பிக்கப்பட்டது சிறிய செய்தியன்று. கல்லூரிக்குத் தானே பட்டம் வழங்கும் உரிமை இல்லை. மாணவர்கள் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளை எழுதிப் பட்டம் பெற்றனர். இச்செய்தி பின்னால் வேண்டப்படும்.

1918-இல் பிறந்த நெல்சன் மண்டேலா இக்கல்லூரியில் சேர்ந்தது 1939-இல். அதற்கு முந்திய ஆண்டு, ஹீல்ட்டவுன் பள்ளியில் அவர் பயின்றபோது நிகழ்ந்த ஒன்றையும் இங்குச் சுட்டுதல் பொருந்தும். கோசா மக்களின் பெரும்புலவராகிய ம்காயி அப்பள்ளிக்கு வருகை தந்தார். சிறுத்தைத் தோல் போர்த்து, கையில் ஈட்டியுடன் மேடையேறிய அப்புலவர், வெள்ளையரான பள்ளித் தலைவர் மேடையில் இருக்கும்போதே, அயலார் பண்பாட்டின் மேலாட்சி என்றேனும் ஒருநாள் வீழும் என்று பாடினார். பேச்சினிடையே அவர் உயர்த்திய ஈட்டி, மேலே கட்டியிருந்த திரைக்கம்பியில் மோதி ஒலித்தது. மாணவர் கூட்டம் திகைத்தது, பின்னர் ஆர்ப்பரித்தது. வேந்தனைப் புகழவும் இடித்துரைக்கவும் உரிமை பெற்ற புலவர் மரபு கோசா மக்களிடமும் இருந்தது. புறநானூற்றைக் கற்றவர்க்கு அம்மரபு அயலாகத் தோன்றாது. ஆயினும் அன்றைய மண்டேலா அந்த ஒலியால் உடனே மாறிவிடவில்லை. வெள்ளையரின் கல்வியையும் அது தரும் பதவியையும் நாடியே அவர் ஃபோர்ட் ஹேருக்குச் சென்றார்.

தந்தையை இளமையிலேயே இழந்த மண்டேலாவை வளர்த்தவர், தெம்பு மக்களின் பொறுப்பரசர் ஜோங்கின்தாபா. வளர்ப்பு மகன் பிற்காலத்தில் அரசர்க்கு அறிவுரை கூறும் அமைச்சனாக விளங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்குச் சாம்பல் நிறக் கோட்டும் காற்சட்டையும் வாங்கித் தந்து அனுப்பினார். வெஸ்லி விடுதியில் தங்கிய மண்டேலா, பல் துலக்கும் பசையையும் இரவு உடையையும் அங்கேதான் முதன்முறையாகப் பயன்படுத்தினார். ஆங்கிலம், மானிடவியல், அரசியல், சுதேசியர் நிருவாகம், சட்டம் ஆகியவற்றைப் பாடங்களாகக் கொண்டார். ஓட்டப் பந்தயத்திலும் காற்பந்திலும் ஈடுபட்டார். ஆபிரகாம் லிங்கனைப் பற்றிய நாடகத்தில் லிங்கனைக் கொன்றவனின் வேடம் அவருக்குக் கிடைத்தது. இரவில் சோளக் கொல்லைகளுக்குச் சென்று, கதிர்களைச் சுட்டுத் தின்று, கதை பேசி மகிழ்ந்ததையும் 1994-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் மறவாது குறித்துள்ளார். அந்நாளைய அவரது கனவு மொழிபெயர்ப்பாளர் ஆவது. நாட்டுப்புற நீதிமன்றங்களில் அதிகாரிக்கும் குடிமக்களுக்கும் இடையே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளருக்கு அக்காலத்தில் அதிகாரிக்கு அடுத்த மதிப்பு இருந்தது. இரண்டாம் ஆண்டில் அதற்கென வகுப்புத் தொடங்கப்பட்டவுடன் முதலில் சேர்ந்தவர்களுள் மண்டேலாவும் ஒருவர். இரு மொழிகளுக்கு இடையே நிற்க விரும்பிய இளைஞர் ஒரு நாட்டின் இரு தரப்பினருக்கு இடையே நிற்க நேர்ந்தது பிற்கால வரலாறு.

கல்லூரி நாள்களின் மண்டேலா புரட்சியாளர் அல்லர். நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெனரல் ஸ்மட்ஸ் கல்லூரி விழாவிற்கு வந்து, செருமனிக்கு எதிரான போரை ஆதரித்துப் பேசியபோது கைதட்டி வரவேற்றவர்களுள் அவரும் இருந்தார். சொந்த நாட்டில் கருப்பின மக்களை ஒடுக்கிக்கொண்டே உலகின் உரிமையைப் பற்றிப் பேசுகிறார் என்று உடன்பயின்ற மாணவர் ஒருவர் இடித்துரைத்தது அவருக்கு அன்று அதிர்ச்சியாகவே இருந்தது. விடுமுறையில் நிகழ்ந்த மற்றொன்று இன்னும் ஆழமாகத் தைத்தது. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைவராக இருந்த மகாபானே பாதிரியாரின் மகன் பால், மண்டேலாவோடு உம்டாட்டா நகரில் நின்றுகொண்டிருந்தார். அவ்வழியே வந்த வெள்ளைய நீதிபதி, அஞ்சல்தலை வாங்கி வரும்படி அவரை ஏவினார். யாராயினும் அருகில் நிற்கும் கருப்பினத்தவரை அவ்வாறு ஏவுவது அந்நாட்டு வழக்கம். பால் மறுத்தார். அந்த மறுப்பைக் கண்டு மண்டேலா பெருமிதம் கொள்ளவில்லை, கூச்சமே அடைந்தார். தாமாக இருந்தால் போய் வாங்கி வந்திருப்போம் என்று எண்ணியதை அவரே எழுதியுள்ளார். பெருந்தலைவர்களின் வரலாற்றை எழுதுவோர் பலர் இத்தகைய பகுதிகளைக் கடந்துவிடுவர். மறுக்கும் ஆற்றல் பிறவியிலேயே வருவதன்று என்பதை இப்பகுதியே காட்டுகின்றது.

அவ்வாற்றல் முளைவிட்ட இடம் வெஸ்லி விடுதியே. மூத்த மாணவர்களின் குழு முதலாண்டு மாணவர்களை ஏவல்கொண்டதை எதிர்த்து, இளையோர் தமக்கெனத் தனிக்குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். மூத்தோர் விடுதிக் காப்பாளரிடம் முறையிட்டனர். காப்பாளர் தம் முடிவை மாற்றினால் அனைவரும் பதவி விலகுவதாக இளையோர் கூறினர், காப்பாளர் தலையிடவில்லை. வென்ற அனுபவம் அது. அதுவே மறு ஆண்டில் பெருஞ்சோதனையாக வந்தது.

1940-இல் கல்லூரியில் பயின்றோர் ஏறத்தாழ 150 பேர். உணவு தரமாக இல்லை என்பதும் மாணவர் பேரவைக்குப் போதிய அதிகாரம் இல்லை என்பதும் அவர்கள் குறை. நிருவாகம் இவற்றை ஏற்கும்வரை பேரவைத் தேர்தலைப் புறக்கணிப்பது எனப் பெரும்பான்மையோர் தீர்மானித்தனர். எனினும் 25 பேர் வாக்களித்து அறுவரைத் தேர்ந்தெடுத்தனர். அறுவருள் ஒருவர் மண்டேலா. பெரும்பான்மையின் ஆதரவின்றிப் பதவி ஏற்பது முறையன்று என்று அறுவரும் விலகல் கடிதம் கொடுத்தனர். முதல்வர் கெர் திறமையானவர். விலகலை ஏற்றுக்கொண்டு, மறுநாள் இரவு உணவின்போது, அனைவரும் கூடியிருக்கும் வேளையில் மறுதேர்தல் நடத்தினார். வாக்களித்தவர் அதே 25 பேர்; வென்றவர் அதே அறுவர். இம்முறை எல்லா மாணவரும் கூடியிருந்தனர் என்பதைக் காரணம் காட்டி ஐவர் பதவியை ஏற்றனர். கூடியிருப்பதும் வாக்களிப்பதும் ஒன்றல்ல என்று கருதிய மண்டேலா தனியாளாக மீண்டும் விலகினார்.

முதல்வர் அவரை அழைத்தார். சினக்காமல், தந்தை மகனிடம் பேசுவதுபோல் பேசினார் என்றே தெரிகிறது. இத்தகைய பொறுப்பின்மையைக் கல்லூரி பொறுக்காது. ஓரிரவு எண்ணிப் பார்த்து முடிவு கூறுக. பதவியை ஏற்காவிட்டால் வெளியேற நேரும் என்பது அவர் கூற்றின் சாரம். அன்றிரவு மண்டேலாவுக்கு உறக்கமில்லை. அதற்கு முன்பே அவர் அறிவுரை நாடியது, உறவுமுறையில் மருமகனும் கல்லூரியில் மூத்தவருமாகிய கைசர் மட்டன்சிமாவிடம். கல்லூரியில் நுழைந்த நாள்முதல் அவரை அரவணைத்து, தம் கைச்செலவுப் பணத்தையும் பகிர்ந்துகொண்டவர் மட்டன்சிமா. கொள்கையின்பொருட்டு விலகுவதே சரி, விட்டுக்கொடுக்கலாகாது என்றார் அவர். முதல்வரைக் காட்டிலும் மட்டன்சிமாவுக்கே தாம் மிகுதியும் அஞ்சியதாக மண்டேலா நகைச்சுவையோடு குறிப்பிடுகின்றார். காலையில் அவர் வாயிலிருந்து வந்தது, பேரவையில் மனச்சான்றோடு பணியாற்ற இயலாது என்னும் விடை. கெர் சிறிது நேரம் எண்ணிவிட்டு, விடுமுறை முழுவதும் எண்ணிப் பார்க்கலாம், பேரவையில் சேர இசைந்தால் அடுத்த ஆண்டு கல்லூரிக்குத் திரும்பலாம் என்று கூறி அனுப்பினார். கதவு மூடப்படவில்லை, அதற்கு ஒரு நிபந்தனை பூட்டாக இடப்பட்டது.

இதனை வீரச்செயலாக மட்டும் காண்பது எளிது. மண்டேலாவே அவ்வாறு காணவில்லை. ஒரு பட்டத்தின் வாயிலில் நின்றுகொண்டு அதனை வீசியெறிவது மடமையோ என்று அன்றே ஐயுற்றதை அவர் மறைக்கவில்லை. கெரின் மீதும் அவருக்குப் பகை இல்லை. தம் வாழ்வின்மீது மற்றொருவர்க்கு இத்துணை அதிகாரம் இருக்கிறதே என்பதே அவரை உறுத்தியது. மாணாக்கன் ஆசிரியனிடம் நெருப்பிடத்தில் நிற்பவனைப்போல் நிற்க வேண்டும், மிக நெருங்கவும் கூடாது, விலகவும் கூடாது என்பது நன்னூல் கூறும் நெறி. உரையாசிரியர்கள் அதனை அடக்கத்தின் இலக்கணமாகவே விரிப்பர். ஃபோர்ட் ஹேரிடம் மண்டேலா வாழ்நாள் முழுவதும் நின்ற நிலைக்கும் அதைவிடப் பொருத்தமான உவமை வேறு கிடைப்பது அரிது.

ஊர் திரும்பியவரிடம், முதல்வர் சொன்னபடி கல்லூரிக்குத் திரும்புக என்று ஜோங்கின்தாபா சினந்து ஆணையிட்டார். அடுத்து வந்தது திருமண ஏற்பாடு. 1941-இல் மண்டேலா, பொறுப்பரசரின் மகனோடு சேர்ந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஓடினார். சுரங்கத்தில் காவல் வேலை, பின் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை என்று நாள்கள் கழிந்தன. அஞ்சல்வழியில் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதி 1942 இறுதியில் இளங்கலை தேறினார். 1943-இல் பட்டம் பெற அவர் சென்றது ஃபோர்ட் ஹேருக்கே. விழாவுக்கு உடை வாங்க வால்டர் சிசுலு கடன் தந்தார். கோட்டுச்சட்டை தந்து அனுப்பிய ஜோங்கின்தாபா அதற்குள் மறைந்துவிட்டார். அவர் துணைவியாரும் மண்டேலாவின் அன்னையும் விழாவில் அமர்ந்திருந்தனர். கெரின் நிபந்தனையை ஏற்காமலே மண்டேலா அக்கல்லூரியின் மேடையில் நின்றார்.

அக்கல்லூரி அவருக்குத் தந்த பெருஞ்செல்வம் பட்டமன்று; மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு விவிலியம் கற்பிக்கச் சென்ற மாணவர் குழுவில்தான் ஆலிவர் தாம்போவை அவர் அறிந்தார். அறிவியல் மாணவரான தாம்போவும் 1942-இல் ஒரு மாணவர் கிளர்ச்சியின் விளைவாகக் கல்லூரியினின்றும் வெளியேற்றப்பட்டார். வெளியேற்றப்பட்ட இருவரும் பத்தாண்டுகள் கழித்து, 1952-இல், ஜோகன்னஸ்பர்க்கில் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் வழக்கறிஞர் தொழில் நடத்தினர். மானிடவியலும் சட்டமும் கற்பித்த பேராசிரியர் மாத்யூஸ் மற்றொருவர். ஃபோர்ட் ஹேரில் பயின்று முதன்முதலில் பட்டம் பெற்றவர் அவரே. மக்கள் பேராயம் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று 1953-இல் அவர் விதைத்த கருத்தே 1955-இன் விடுதலைச் சாசனமாக விளைந்தது. 1956 டிசம்பரில் அரசு தொடுத்த இராசத்துரோக வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 156 பேர். ஆசிரியர் மாத்யூஸ், அவர் மகன், மாணவர் மண்டேலா, மாணவர் தாம்போ ஆகியோர் ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றனர். நேட்டால் இந்தியர் காங்கிரசின் தலைவர் மருத்துவர் மான்ட்டி நாயக்கரும் அக்கூண்டில் இருந்தார்.

தனிமனிதரைத் தண்டித்த அரசு அடுத்துக் கல்லூரியின்மீது கை வைத்தது. 1959-இல் இயற்றப்பட்ட சட்டங்களால் உயர்கல்வி இனவாரியாகப் பிரிக்கப்பட்டது. 1960 தொடக்கத்தில் ஃபோர்ட் ஹேர் அரசின் பாண்டுக் கல்வித்துறையின் கைக்குள் சென்றது. இனி அது கோசா மக்களுக்கு மட்டுமே உரிய கல்லூரி; ஏனைய இனத்தார் தத்தமக்கு ஒதுக்கிய இடங்களுக்குச் செல்ல வேண்டும். அதுவரை ஃபோர்ட் ஹேரில் இந்திய மாணவர்களும் பயின்றுவந்தனர். நேட்டாலின் தமிழ் மரபினர் உள்ளிட்ட இந்தியர்க்கு 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரித் தீவில் தனிக்கல்லூரி ஒன்று அமைந்ததும் இதே சட்டத்தின் விளைவுதான். ஆசிரியர் பலர் நீக்கப்பட்டனர். ஓய்வுபெறச் சிறிது காலமே இருந்த நிலையில், ஓய்வூதியத்தை இழந்து மாத்யூஸ் விலகினார். மாணவர் செய்த விலகலை இருபதாண்டுகள் கழித்து ஆசிரியரும் செய்தார்.

தமிழ்ப்பணியில் ஈடுபட்டோர் நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. இன ஒதுக்கல் அரசு தன் கல்விக் கொள்கைக்குத் தாய்மொழியைக் கருவியாக்கிக்கொண்டது. 1953-இன் பாண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தாய்மொழிவழிக் கல்வி மேல்வகுப்புகள்வரை நீட்டிக்கப்பட்டது. கருப்பினப் பிள்ளைகளை உலக அறிவினின்றும் ஒருவரிடமிருந்து ஒருவரையும் பிரித்து வைப்பதே அதன் நோக்கமாயிருந்தது. ஜபாவு கற்பித்த அதே கோசா மொழி, அவருடைய கல்லூரியிலேயே வேலியாக்கப்பட்டது. மொழியின்மேல் குற்றமில்லை. தாய்மொழியைக் கற்பிப்பவர் யார், அதை மக்களே கேட்டுப் பெற்றனரா என்னும் வினாக்களை ஒதுக்கிவிட்டுத் தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேசுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைவிடக் கூர்மையான சான்று இல்லை.

1964-இல் வாழ்நாள் தண்டனை பெற்று மண்டேலா ராபன் தீவுச் சிறைக்குச் சென்றார். உடன் தண்டிக்கப்பட்ட கோவன் எம்பெக்கி ஃபோர்ட் ஹேர்ப் பட்டதாரி. அதே தீவில் தனிமையில் வைக்கப்பட்டிருந்த ராபர்ட் சொபுக்வே, 1949-இல் ஃபோர்ட் ஹேர் மாணவர் பேரவைத் தலைவராக இருந்து, தம் ஆசிரியர்கள் திடுக்கிடும்படி உரையாற்றியவர். சிறைக்கு வெளியே மற்றொரு ஃபோர்ட் ஹேர் மாணவர் அரசின் தயவால் உயர்ந்துகொண்டிருந்தார். அவர் கைசர் மட்டன்சிமா. டிரான்ஸ்கை என்னும் ஒதுக்கிடத்தின் முதலமைச்சராகி, 1976-இல் உலகில் வேறெந்த நாடும் ஏற்காத ஒரு ‘விடுதலை’யையும் பெற்றார். அவ்வாண்டில் சிறைத்துறை அமைச்சர் குரூகர் ராபன் தீவுக்கு வந்தார். மட்டன்சிமாவின் அரசை ஏற்றுக்கொண்டு டிரான்ஸ்கையில் வாழ இசைந்தால் தண்டனை பெரிதும் குறைக்கப்படும் என்றார். மண்டேலா மறுத்தார்.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கெர் வைத்த நிபந்தனையின் வடிவமே இது: வெளிச்செல்லும் வழி திறந்திருக்கிறது, மக்கள் ஏற்காத ஓர் அவையை ஏற்றுக்கொண்டால் போதும். கெரையும் குரூகரையும் ஒப்பிடுவது முறையன்று. முன்னவர் கல்வியாளர், தம் மாணவர்பால் உண்மையான அன்பு கொண்டவர். ஆனால் 1940-இல் விட்டுக்கொடுக்கலாகாது என்று கற்பித்தவரின் பெயரே 1976-இல் விட்டுக்கொடுக்கும் விலையாக நீட்டப்பட்டதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. மட்டன்சிமா சிறைக்கு வந்து காண விழைந்தபோது, மண்டேலாவுக்கு அவரைக் காணும் விருப்பம் இருந்தது, தோழர்கள் கூடாதென்றனர், அவர் காணவில்லை. உறவை அவர் ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை. 1985-இல் குடியரசுத் தலைவர் போத்தா மற்றொரு நிபந்தனையோடு விடுதலை தர முன்வந்ததும், அதனை மறுத்து மண்டேலா விடுத்த செய்தியை மகள் சிண்ட்சி சொவெட்டோ அரங்கில் படித்ததும் உலகறிந்தவை.

ஃபோர்ட் ஹேரும் இதற்குள் சிறைப்பட்டே இருந்தது. 1981-இல் சிஸ்கை என்னும் மற்றோர் ஒதுக்கிடம் ‘விடுதலை’ பெற, ஆலிஸ் ஊரும் கல்லூரியும் அதன் எல்லைக்குள் அடங்கின. 1990-இல் மண்டேலா விடுதலையானார். 1991-இல், ஒருகாலத்தில் வெளியேற்றப்பட்ட ஆலிவர் தாம்போவையே பல்கலைக்கழகம் தன் வேந்தராக ஏற்றது. சிபுசிசோ பெங்கு அதன் முதல் கருப்பினத் துணைவேந்தரானார். மறு ஆண்டு மண்டேலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளிக்கப்பெற்றது. 1943-இல் அவர் பெற்ற பட்டத்தில் இருந்தது தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர். ஃபோர்ட் ஹேர் தன் பெயராலேயே தன் மாணவருக்குப் பட்டம் வழங்க, இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. தாம்போ 1993 ஏப்ரலில் மறைந்தார். 1994-இல் அமைந்த மண்டேலாவின் அமைச்சரவையில் பெங்கு கல்வி அமைச்சர். 1950-இல் அக்கல்லூரியால் வெளியேற்றப்பட்டு, பின்னாளில் மண்டேலாவின் இயக்கத்தோடு கடுமையாக முரண்பட்ட புத்தெலெசி உள்துறை அமைச்சர்.

1996 மார்ச்சு மாதம், குடியரசுத் தலைவராக மண்டேலா மீண்டும் ஆலிசுக்குச் சென்றார். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அயல்நாடுகளில் இயங்கிய அலுவலகங்களின் கடிதங்களும் அறிக்கைகளும் குறிப்பேடுகளும் பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்திருந்தன. அவற்றைப் பெற விரும்பியிருக்கக்கூடிய செல்வமிகு பல்கலைக்கழகங்கள் நாட்டில் பல இருந்தன. காங்கிரசு அவற்றை ஒப்படைத்தது ஃபோர்ட் ஹேரிடம். சொபுக்வே காங்கிரசிலிருந்து பிரிந்து தொடங்கிய பான் ஆப்பிரிக்கக் காங்கிரசின் தாள்களும் அங்கேயே வந்து சேர்ந்தன. உயிரோடிருந்தபோது ஒரே தீவில் பேசிக்கொள்ள முடியாதவர்களின் எழுத்துகள், இன்று அப்பழைய கோட்டை நிலத்தில் ஒரே கூரையின்கீழ் அடுக்கப்பட்டுள்ளன.